இடது பெருவிரல்

சாண்ட்பேப்பரை வாளித் தண்ணீரில் நனைத்து, இரண்டு விரலின் அளவுக்கு மடித்து, உதயகலா காரின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டி தேய்ப்பது போன்ற வேலையல்ல இது. நாலு இழுவை இழுத்து, ஈரத்துணியால் ஒரு தரம் துடைத்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குப் பிடிபடாத மேடு பள்ளம் விரலுக்குப் பிடிபடும். கையுறை போட்டால் அது தெரியாது. அதனால் மூன்று வருடமாக அவள் வெறுங்கையோடுதான் தேய்க்கிறாள்.

தெல்லிப்பழையில் முன்பு வெங்காயம் சேர்த்து வைத்திருந்த கட்டடம் அது. மழை பெய்தால் சுவர் இன்னமும் வெங்காயம் மணக்கும். உடுவிலில் பிறந்து, பத்து வயதில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே கார்க் கொம்பனிகளில் பொறியியலாளராக இருந்த ஜொனதன் அதை வாங்கித் திருத்தியிருந்தார். பந்தயத் திடல்களில் ஓட்டும் சின்னக் கார் ஒன்றைச் சொந்தமாகச் செய்வது அவருடைய கனவு. எஞ்சினும் சில்லுகளும் இங்கிலாந்தில் பூட்டப்படும். உடல் மட்டும் இங்கே உருவாகும். இங்கே ஆட்கள் கெட்டிக்காரர்கள் என்று ஜொனதன் எல்லோரிடமும் சொல்லுவார். கெட்டிக்காரர்களுக்கு இங்கே கூலியும் குறைவு. அதை அவர் சொல்வதில்லை, சொல்லித் தெரிய வேண்டிய சங்கதியுமல்ல.

முதலாவது உடலை வார்த்தவர்கள் மயிலிட்டியில் பைபர் படகு செய்தவர்கள். அலைக்குத் தாங்க வேண்டும் என்று பழகிய கைகள் அவை. துணிக்கு மேல் துணி அடுக்கி, ரெசின் பூசி, படகின் கனத்துக்கே வார்த்துவிட்டார்கள். நாலு பேர் பிடித்தும் அசையவில்லை.

"இது திடலிலை ஓடுறதுக்கு. கடலுக்கில்லை," என்றார் ஜொனதன்.

"ஓடாட்டிக் கடலிலை விடலாம் சேர்," என்றாள் மரியநாயகி. மயிலிட்டிக்காரி, ஐம்பது வயது, வாய்க்குப் பூட்டு இல்லாதவள். மெஷின் பிடித்துக் கடைசி மினுக்கல் செய்வது அவளுடைய வேலை. அந்தக் காருக்கு ஆமை என்று பெயர் வைத்தவளும் அவள்தான்.

இரண்டாவது உடல் மெலிந்தது, மூக்குத் தாழ்ந்தது. இங்கிலாந்தில் அதைக் காற்றறைக்குள் வைத்து ஊதிப் பார்த்தபோது, வேகம் ஏற ஏறப் பின்பக்கம் நிலத்தை விட்டுக் கிளம்பப் பார்த்ததாம். வாலில் ஓர் உதடு வைத்தார்கள். பின்பக்கம் அமர்ந்தது, முன்பக்கம் லேசாகிவிட்டது. மூக்கின் கீழே ஒரு தட்டு வைத்தார்கள். அந்தக் காரின் பெயர் சுறா. மூன்றாவதைப் பைபரை விட்டுக் கார்பன் துணியில் வார்த்தார்கள். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடக்கலாம். எஞ்சின் ஆசனத்துக்குப் பின்னால் இருந்து சூடேறியதால், காற்றுப் போவதற்கு இரண்டு கதவுகளுக்கும் பின்னால் வாய் வெட்டினார்கள். பிறகு கூரையை ஒரு விரல் தாழ்த்தினார்கள். பிறகு கதவின் இடுப்பை ஒடுக்கினார்கள். மரியநாயகி இதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தாள்.

"எவ்வளவு செய்து குடுத்தாலும் ஒரு குறை சொல்லுதே. வேறென்ன பேர் வைக்க?"

ஜொனதனுக்குக் கணினியில் ஒரு கோட்டை நகர்த்த ஒரு காலைப்பொழுது போதும். நகர்ந்த கோட்டை உடம்பில் கொண்டுவர உதயகலா இரண்டு கிழமை தேய்க்க வேண்டும். சுறாவின் காலத்திலேயே அவளுடைய விரல் நுனிகளில் ரேகை போய்விட்டது. போனைத் திறக்க விரலை வைத்தால் திறக்காது, இலக்கத்தை அழுத்துவாள். அதை அவள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, கந்தோர்ச் சுவரில் விரலடையாள மெஷினைப் பூட்டும்வரைக்கும்.

மெஷின் கைக்கு அடக்கமானது. விரலை வைத்தால் பச்சை எரியும், கதவு திறக்கும், வந்த நேரம் பதியும். மாப்பிள்ளையின் வடிவம் வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக முடிப்பு வேலை நடக்கும் அறைக்கும் ஒன்று பூட்டினார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே வரவும் விரல் வேண்டும், வெளியே போகவும் விரல் வேண்டும். விரல் பதிந்தவர்களின் பெயர் இங்கிலாந்திலுள்ள கணக்குக்குப் போகும். பெயர் போய்ச் சேர்ந்தவர்கள் அந்த மாதத்திலிருந்து நிரந்தரம். சேமலாப நிதி உண்டு, சம்பளத்தோடு லீவு உண்டு. மற்றவர்கள் முன்போலவே நாட்சம்பளம், கதவிலும் விரல் பதிந்த ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டுதான் போய் வர வேண்டும்.

கந்தோரில் கணக்கும் பதிவும் பார்த்துக்கொள்ளும் ஷரோன், உதயகலாவின் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். துடைத்து வைத்தாள், ஊதி வைத்தாள், கிரீம் பூசி வைத்தாள். ஒவ்வொரு தரமும் சிவப்பு எரிந்தது. மெஷினுக்குள் இருந்த பெண்குரல், "பிளீஸ் ட்ரை அகெய்ன்," என்றது.

"உவளுக்கு வேறை கதை தெரியாதோ?" என்றாள் பின்னால் வரிசையில் நின்ற மரியநாயகி.

எல்லோரும் சிரித்தார்கள். உதயகலாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "வேறை வழி இல்லையோ மிஸ்? கார்ட் ஏதும்?" என்று கேட்டாள்.

"கார்ட் இந்தச் சிஸ்டத்திலை இல்லை அக்கா. மாத முடிவோடை பதிவு மூடுது. பிறகு சித்திரைக்குத்தான் திறப்பினம்." ஷரோன் போனில் எதையோ தேடி வாசித்தாள். "தேய்க்காமல் இருந்தா ரெண்டு மூண்டு கிழமையிலை ரேகை திரும்ப வருமாம். லீவு எடுக்கேலாதோ?"

லீவு எடுத்தால் கார் நிற்கும். கார் நின்றால் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளைத் தேடுவார்கள். இது ஷரோனுக்கும் தெரியும்.

ஷரோனுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. உதயகலாவுக்கு நாலு மாதம். மாசியில் பிள்ளை. மூத்தவள் பிறந்தபோது அவள் கச்சான் கடலை பொதி செய்யும் இடமொன்றில் நாட்சம்பளத்துக்கு நின்றாள். பிள்ளைப்பேறு முடிந்து போனபோது அவள் குந்தியிருந்த வாங்கில் வேறொருத்தி இருந்தாள். முதலாளி குழந்தைக்கென்று ஒரு துவாய் கொடுத்து அனுப்பினார். அந்த வருடம் முழுக்கக் கணவன் பிரவீணனின் லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் ஓட்டத்தை நம்பியே வீடு ஓடியது, அதுவும் நொண்டி நொண்டி. இந்தமுறை நிரந்தரமாகிவிட்டால் பிரசவ லீவு சம்பளத்தோடு கிடைக்கும். அதைவிடப் பெரிது, திரும்பி வரும்போது இடம் இருக்கும். வயிற்றுப் பிள்ளையைப் பற்றி இப்போதே சொன்னால், ரெசின் மணம் கூடாது, நாளையிலிருந்து வரவேண்டாம் என்பார்கள். அதையும் அன்பாகத்தான் சொல்லுவார்கள். மரியநாயகி ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும், ஆச்சரியமாக அவளும் வாயைத் திறக்கவில்லை.

"பத்தும் வேணாமெல்லோ. ஒண்டு காணுமெல்லோ," என்றான் பிரவீணன் அன்று பின்னேரம். அவளுடைய இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, வாங்கப் போகும் கன்றைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு விரலாகப் பார்த்தான். "எதுக்கு வேலை குறைவு?"

"இடது பெருவிரலுக்கு."

தேங்காயெண்ணெய் பூசி, அந்த ஒரு விரலுக்கு மட்டும் பிளாஸ்டர் சுற்றினான். மறுநாளிலிருந்து அவள் ஒன்பது விரலால் வேலை செய்தாள். பெருவிரலைத் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்ததில் தோள் வலித்தது. பிள்ளை மாதிரி அதைச் சுமந்து திரிகிறாய் என்று மரியநாயகி பகிடி பண்ணினாள்.

இரண்டாம் கிழமை முடிவில் பிளாஸ்டரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய வரிகள், புதிதாகச் சாலடித்த வெங்காயத் தோட்டத் தறைபோல. அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. சின்ன விஷயத்துக்கு இவ்வளவு சந்தோசப்படுகிறேனே என்று வெட்கமாகக்கூட இருந்தது. மத்தியானம் ஷரோன் மெஷினில் வைத்துப் பார்த்தாள். முதலாம் தரம் சிவப்பு, இரண்டாம் தரம் பச்சை, மூன்றாம் தரம் மறுபடியும் சிவப்பு.

"மூண்டும் பச்சை விழவேணும் அக்கா. இன்னும் ஒரு கிழமை பொறுங்கோ. சரியா வரும்," என்றாள் ஷரோன். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது.

அடுத்த நாள் ஜொனதன் மடிக்கணினியோடு வந்து மாப்பிள்ளையின் பக்கத்தில் குந்தினார். கதவுக்குப் பின்னால் இருந்த காற்று வாய்க்குள் காற்று நேரே போகாமல் சுழல்கிறதாம், எஞ்சின் குளிரவில்லையாம். தொண்டையை ஒடுக்கி உள்பக்கமாக வளைக்க வேண்டும். திரையில் பழைய வளைவு சிவப்பாகவும் புதியது நீலமாகவும் கிடந்தன. இரண்டுக்கும் இடையில் ஒரு சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. உண்மையில் அது வடிவான வளைவு. பார்த்தவுடனே உதயகலாவுக்குப் பிடித்துவிட்டது.

இரண்டு நாளில் அச்சைத் திருத்தித் தொண்டையை வார்த்துக் கொடுத்தார்கள். வலப்பக்க வாயை அவள் வலது பெருவிரலால் தேய்த்து முடித்தாள். வேறு விரல் எதுவும் அந்த வளைவுக்குள் மடங்காது. இடப்பக்க வாய் கண்ணாடியில் பார்த்ததுபோல் மாறி வளைந்தது. வலது கையை எப்படித் திருப்பினாலும் மணிக்கட்டு இடித்தது. மரத்துண்டில் சாண்ட்பேப்பரைச் சுற்றி விட்டுப் பார்த்தாள், பள்ளம் விழுந்தது. மரியநாயகி தன் இடது பெருவிரலை விட்டு அரை நாள் தேய்த்தாள். அவளுக்கு மினுக்கும் மெஷின் பிடித்துப் பழகிய கை. ஜொனதன் விளக்கைச் சரித்துப் பிடித்தபோது அவள் தேய்த்த இடம் அலையலையாகத் தெரிந்தது.

"உங்கடை விரல்தான் வேணும் உதயகலா," என்றார் ஜொனதன். பிளாஸ்டரைப் பார்த்தார். "காயமோ?"

"இல்லை சேர். மெஷினுக்கு வைச்சிருக்கிறன். பதிவுக்கு."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பல்ல. "மெஷினை நான் பாக்கிறன். இங்கிலாந்துக்குச் சொல்லி ஒழுங்கு செய்யிறன். முதலிலை இதை முடிப்பம். வெள்ளிக்கிழமை படம் எடுக்கினம், சனிக்கிழமை கொழும்புக்கு ஏத்தவேணும். இது போகாட்டி ஒரு காருக்கும் ஓடர் இல்லை. ஓடர் இல்லாட்டி சித்திரைக்கு நாங்களே இருக்கமாட்டம்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் கரைச்சல். பொய் என்றால் மாட்டேன் என்று சொல்லியிருப்பாள். அவள் மரியநாயகியைப் பார்த்தாள். மரியநாயகி தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதயகலா பிளாஸ்டரின் நுனியைப் பல்லால் கிளப்பிக் கழற்றினாள். எண்ணெயில் ஊறியிருந்த விரல் வெளிறி, மெத்தென்று, வேறு யாருடையதோபோல இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்து, சாண்ட்பேப்பரைச் சுற்றி, காரின் தொண்டைக்குள் விட்டாள்.

நாலு நாள் தேய்த்தாள். முதல் நாளே வரிகள் போய்விட்டன, இரண்டாம் நாள் தோல் சிவந்தது. நாலாம் நாள் ஜொனதன் விளக்கைப் பிடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒளி ஒரு சொட்டு எண்ணெய்போல அந்த வளைவில் வழுக்கி உள்ளே போனது. நன்றாக வந்திருந்தது. அதை அவளாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மாதக் கடைசி நாள் வியாழக்கிழமை. ஷரோன் அவளை மூன்று தரம் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னாள். மூன்று தரமும் அந்தப் பெண்குரல் ஒரே கதையைத்தான் சொன்னது. ஜொனதன் சொன்ன சொல்லை மறக்கவில்லை. இங்கிலாந்துக்கு எழுதினார், அழைத்தும் கதைத்தார். பின்னேரம் தானே வந்து சொன்னார்.

"ஒருத்தருக்காண்டி அதைத் திறக்கேலாதாம். நான் கேட்டுப் பாத்தன். சித்திரையிலை முதல் பேர் உங்கடைதான்."

"ஓம் சேர்," என்றாள் உதயகலா. சித்திரையில் அவளுடைய கையில் இரண்டு மாதக் குழந்தை இருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரில் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் நல்ல மாதிரித்தான் கதைக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை கொழும்பிலிருந்து படம் எடுப்பவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை கறுப்பில் மின்னிக்கொண்டு அறை நடுவில் சில்லு வைத்த தாங்கியில் நின்றது. மினுக்கிய கறுப்பில் யார் தொட்டாலும் அடையாளம் விழுந்தது. விளக்கைப் போட்டதும் கதவில், கூரையில், வால் உதட்டில் எல்லாம் ரேகைகள் தெரிந்தன. கையுறை போட்டார்கள், பஞ்சு ஒட்டியது. கமராக்காரன் முகத்தைச் சுளித்தான். காரைத் திருப்ப வேண்டும், கதவைத் திறந்து படம் எடுக்க வேண்டும், மூட வேண்டும். ஒவ்வொரு தரமும் துடைத்துக்கொண்டிருந்தால் பொழுது பட்டுவிடும்.

"உதயகலா, நீங்கள் வாங்கோ," என்றார் ஜொனதன்.

அவள் கையைத் துடைத்துவிட்டு வந்து, கதவின் ஓரத்தில் பத்து விரலையும் வைத்துத் திறந்தாள். கமராக்காரன் குனிந்து பார்த்தான். கறுப்பு அப்படியே கிடந்தது.

"பாத்தியளே, ஒரு அடையாளமில்லை. இவ தொட்டதே தெரியாது," என்றார் ஜொனதன். அவருடைய குரலில் மெய்யான பெருமை இருந்தது.

மத்தியானம்வரை அவள் திறந்தாள், மூடினாள், திருப்பினாள். படங்களில் விழாமல் ஒவ்வொரு தரமும் பின்னால் ஒதுங்கி நின்றாள். பிறகு காரையும் காற்று வாயையும் கிட்டவாக எடுக்கத் தொடங்கினார்கள். எல்லோரும் திரையைச் சுற்றி நின்றார்கள், மரியநாயகியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு மாதம் தாண்டிய வயிறு அடிக்கடி வெளியே போகச் சொல்லும். உதயகலா காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றாள். மலசலகூடம் முற்றத்துக்கு அப்பால். மெல்ல வந்து கதவடியில் நின்று, ஒரு நப்பாசையில் இடது பெருவிரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு எரிந்தது.

அங்கே ஒருவரும் திரும்பவில்லை. வெள்ளை வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் தொண்டை வளைவைக் காட்டி, "என்ன வடிவாச் செய்திருக்கிறாங்கள்," என்றான் கமராக்காரன். உதயகலா ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாராவது வெளியே போவார்களா என்று கதவடியில் பார்த்துக்கொண்டு நின்றாள்.