மேட்டுக் கொல்லையில் விரித்த வைக்கோல்

ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் அடித்து ஓய்ந்தபோது, காலனிக் கிணற்றுத் தண்ணீர் செம்மண் கரைத்தது போல் ஆகியிருந்தது. இருசம்மாள் ஒரு குடம் இறைத்துத் தெளிய வைத்துப் பார்த்தாள். கால் குடம் வண்டல். மேலே நின்ற தண்ணீரிலும் களைக்கொல்லி மருந்து நெடி அடித்தது.

அவள் புருஷன் அம்மாசி ஐந்து நாள் வயிற்றுப்போக்கில் கிடந்து, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தான். "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க? கொதிக்க வச்சிக் குடிங்க" என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். மண்ணை வடிகட்டலாம், கிருமியைக் கொதிக்க வைக்கலாம், மருந்தை என்ன செய்வது என்று இருசம்மாளுக்குத் தெரியவில்லை. வேறு கிணறும் கிடையாது. காலனித் தொட்டிக்கு மோட்டார் ஏற்றுவதும் இதே தண்ணீரைத்தான்.

கிணற்றுக்கு மேலே கல்வராயன் மலையடிவாரச் சரிவு. இரண்டு வருஷத்துக்கு முன் அங்கே புதர்தான் இருந்தது. சரிவுக்குச் சொந்தக்காரரான தெய்வசிகாமணி அதைச் சுரண்டி மரவள்ளி போட்டார். களைக்கொல்லி அடித்தும், அதற்குத் தப்பி முளைத்ததைக் கூலியாள் விட்டு வெட்டியும், செடிக்கு நடுவே ஒரு புல் இல்லாமல் மண் மொட்டையாய்க் கிடந்தது. பெய்கிற மழை அத்தனையும் மண்ணை வழித்துக்கொண்டு நேரே கிணற்றில் இறங்கியது.

இருசம்மாள் அவரைப் பார்க்கப் போனாள்.

"மழைய நான் புடிச்சா வைக்க முடியும்?" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மண் போகிற வருத்தம் இருந்தது. "வெவசாய ஆபீசரு வந்து பாத்தாரு. செடிக்கு நடுவுல வைக்கோல் பரப்புங்க, மண்ணும் ஓடாது, களையும் வராது, மருந்தே வேணாம்னாரு. நம்ம மாட்டுக்கே வைக்கோல் பத்தல, எங்கருந்து பரப்பறது?"

"நாங்க போட்டா போட வுடுவீங்களாங்க?"

"போடு. நான் வேணாங்கல. ஆனா கூலி கீலின்னு வந்து நிக்கக் கூடாது."

அவளிடம் ஒரு சின்ன வைக்கோல் போர் இருந்தது. சொர்ணவாரி நெல் அறுப்புக்குக் கூலியாகப் போன இடத்தில் வாங்கித் தூக்கிவந்து, தன் சிவலைப் பசுவுக்கென்று சேர்த்து வைத்தது. அதைப் பிரித்துக் கட்டுக் கட்டாக மேட்டில் ஏற்றினாள். காலனிப் பெண்கள் பூமாலையும் அமிர்தமும் ஆளுக்கு நாலு கட்டு கொண்டுவந்தார்கள்.

தைலம்மாள் வரவில்லை. இருசம்மாளும் அவளும் இருபது வருஷமாக ஒரே வரப்பில் உட்கார்ந்து சோறு தின்றவர்கள். தைலம்மாள் கிணற்றடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உனுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? மருந்து அடிச்சி நம்ம களவெட்டு வேலைய பாதி ஒழிச்சானுங்க. இப்ப வைக்கோலப் போட்டா மீதியும் போவும்னு தெரியலையா?"

"தண்ணி குடிக்க வேணாமா தைலா?"

"கஞ்சிக்கு இல்லாதவளுக்கு நல்ல தண்ணி இன்னாத்துக்குடி?"

தைலம்மாள் புருஷன் இல்லாதவள். களைவெட்டுக் கூலியில்தான் அவள் குடும்பம் ஓடியது. சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் வீட்டில் அம்மாசி எலும்பாய்க் கிடந்தான். இருசம்மாள் அடுத்த கட்டைத் தலையில் தூக்கினாள்.

மூன்று நாள் வேலை. சரிவுக்குக் குறுக்கே, செடித் தண்டில் படாமல், நாலு விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். காற்று அள்ளாமல் இருக்க மண்கட்டிகளை மேலே வைத்தார்கள். கிணற்றை ஒட்டிய கீழ்ப்பாதி முடிந்தது. மேல்பாதிக்கு வைக்கோல் இல்லை.

கார்த்திகையில் மழை மறுபடி பிடித்தது. இருசம்மாள் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். மேல்பாதியிலிருந்து வெள்ளம் சிவந்து இறங்கியது. வைக்கோலில் புகுந்ததும் அதன் வேகம் அடங்கி, மண்ணை அங்கங்கே இறக்கிவிட்டுக் கசிந்து வந்தது. ஓரத்தில் ஓரிடத்தில் மட்டும் வைக்கோலையே புரட்டித் தள்ளி ஓடை உடைந்திருந்தது. அவள் முழங்கால் சேற்றில் உட்கார்ந்து, கல்லும் வைக்கோலுமாக அதை அடைத்தாள். அடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று உடைந்தது. அதையும் அடைத்தாள்.

கிணறு கலங்கத்தான் செய்தது. ஆனால் போன தடவை பத்து நாளாகியும் தெளியாத தண்ணீர், இந்தத் தடவை மூன்றாம் நாள் தெளிந்தது. நெடி இல்லை. அம்மாசி ஒரு சொம்பு குடித்துவிட்டு, "பரவால்ல" என்றான்.

சிவலைக்குத்தான் தீனி இல்லை. தினமும் மலையேறிப் புல் அறுத்தும் பால் பாதியாய்க் குறைந்தது.

தை பிறந்ததும் தெய்வசிகாமணி மேட்டைச் சுற்றிப் பார்த்தார். கீழ்ப்பாதியில் களையே இல்லை. செடியும் மேல்பாதியை விட ஒரு முழம் உயர்ந்து நின்றது. "அடுத்த நடவுக்கு மொத்தக் கொல்லைக்கும் டிராக்டர்ல வைக்கோல் எறக்கிடறேன்" என்றார் சந்தோஷமாக. "மருந்தும் வேணாம், களவெட்டும் வேணாம்."

"பரப்பற வேலையயாவது எங்களுக்குக் கூலிக்குக் குடுங்க. தைலம்மாளையும் சேத்துக்கங்க."

"ரெண்டு ஆளு போதும் இருசம்மா. நாலு நாளு வேல."

ஒரு வருஷத்துக் களைவெட்டு போய், இரண்டு பேருக்கு நாலு நாள். இருசம்மாள் அதை நேரே போய்த் தைலம்மாளிடம் சொன்னாள். "நீயும் பூமாலையும் போங்க, நான் வரல." தைலம்மாள் முறத்தில் இருந்த அரிசியைப் பொறுக்கிக்கொண்டே, "நீ கூட்டியாந்த வேல. நீயே செஞ்சிக்க" என்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

அதன் பிறகு காலனிப் பெண்களைக் கரும்புக் களைக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் அழைத்துப்போக ஒரு வேன் வர ஆரம்பித்தது. விடிகாலையில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்பலாம். அம்மாசிக்கு இன்னும் மண்வெட்டி தூக்கத் தெம்பு வரவில்லை. இருசம்மாளும் ஏறினாள். காலியாக இருந்த ஒரே இடம் தைலம்மாள் பக்கத்தில்தான்.

வேன் கச்சிராயபாளையம் தாண்டியது.

"அண்ணன் சாப்புடுதா?" என்றாள் தைலம்மாள், வெளியே பார்த்தபடி.

"கஞ்சி குடிக்கிது."

"உம்."

கள்ளக்குறிச்சி வந்ததும் இன்னும் எட்டுப் பேர் ஏறினார்கள். தைலம்மாள் தன் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, இருசம்மாள் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தாள்.