உபயம் இல்லாத சுவர்

கோலா குபு பாரு ஊருக்கு வெளியே மலைச்சரிவில் இருக்கும் அந்தக் கோயிலில், மின்விசிறி சுற்றினால் யாரோ ஒருவர் பெயரும் சேர்ந்து சுற்றும். டியூப் லைட்டில் உபயம், குப்பைத்தொட்டியில் உபயம். தோட்டம் அமைக்க ரவாங்கிலிருந்து வந்த பிரமிளா கட்டிய கருங்கல் சுவர் மட்டும் மொட்டையாக நின்றது. கோயில் தலைவர் கணேஸ்வரனுக்கு அதுதான் கண்ணை உறுத்தியது.

துளி சிமெண்டு இல்லாமல், கல்லோடு கல்லைப் பொருத்தி மூன்று மாதம் கட்டிய சுவர். குவாரியில் வேண்டாமென்று ஒதுக்கிய கற்களைப் புரட்டிப் புரட்டி, முகம் பார்த்து வைத்திருந்தாள். மலையிலிருந்து வரும் மழைத்தண்ணீர் இடுக்குகள் வழியாக இறங்கி, கீழே துளசிக்கும் நந்தியாவட்டைக்கும் போக வேண்டும். தோட்டமே அந்தக் கணக்கில்தான் வரையப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவள் வந்தபோது நாற்பது பளிங்குப் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. கொத்தனார் சேது சிமெண்டு குழைத்துக்கொண்டிருந்தார். முதல் பலகையில் தலைவருடைய அப்பா பெயர்.

“இடுக்க அடைச்சா தண்ணி எங்க போகும், தலைவரே? செவுரு வயிறு தள்ளி விழுந்துரும்.”

“அதெல்லாம் விழாதுலா. கொடுத்தவங்க பேரு போட வேணாமா?”

“போடலாமே. நடைபாதையில பதிச்சுத் தரேன்.”

“எங்கப்பா பேர மிதிக்கச் சொல்றியா?”

“என் உழைப்ப மட்டும் மிதிக்கலாமோ?”

தலைவர் முகம் சிவந்தது. “இது கோயில் செவுரும்மா. சேது, நீ பூசுய்யா.”

“கோயிலுக்குத்தான் கட்டினேன். உங்கப்பாவுக்குக் கட்டல.”

பிரமிளா சுவர்மேல் ஏறி, உச்சிக்கல் ஒன்றைப் பெயர்த்துப் புல்லில் போட்டாள். அடுத்ததையும் போட்டாள்.

“ஏய், என்ன பண்ற?”

“ஒட்டாத செவுரு தலைவரே. சாயங்காலத்துக்குள்ள பிரிச்சிருவேன். வெறும் மண்ணுல உங்க பேர ஒட்டிக்குங்க.”

மூன்றாவது கல்லில் கை வைத்தாள். கும்பாபிஷேகத்துக்கு ஒன்பதே நாள். சேதுதான் சிமெண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்ச் செருப்புக் கொட்டகை ஓரம் வைத்தார்.

“இங்க ஒட்டிரலாம் தலைவரே. செருப்பக் கழட்டுற நேரத்துல எல்லாரும் நின்னு படிப்பாங்க.”

பலகைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன. பெயர்த்த இரண்டு கற்களை அவள் திரும்ப வைக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் பெரணி நட்டாள். அது செழித்துத் தொங்குகிறது. வருகிறவர்களிடம் தலைவர் அதைக் காட்டி, “நாந்தான் அங்க வைக்கச் சொன்னேன்” என்கிறார்.

பிரமிளா மறுப்பதில்லை. சுவரில் கை வைக்காத வரைக்கும் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.