நாலாவது வரிசையில் நின்ற சமாதானம்

அன்றைக்கும் சமாதானம் நாலாவது வரிசை வரைக்கும் வந்து, என் மனைவி பிரகாசியின் கையில் நின்றுவிட்டது. கூப்பிய கைகளை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு அவள் பீடத்தைப் பார்த்தாள். பக்கத்தில் அவளுடைய அக்கா மதலேன் வழக்கம்போல இரண்டு கைகளையும் லேசாக விரித்துக் காத்திருந்துவிட்டு, பிறகு முந்தானையைச் சரிசெய்வதுபோல அவற்றைக் கீழே கொண்டுபோனாள். பின்னாலிருந்த ஏழு வரிசைப் பெண்களிடமிருந்து ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஆண்கள் பக்கத்தில் இருந்த எனக்கே அது கேட்டது.

சமாதானம் எப்படி ஓடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்தபிறகு, நன்மை, அதாவது பூசையில் தருகிற அப்பம், வாங்குவதற்கு முன்னால் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. மற்றக் கோயில்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் இப்படியும் அப்படியும் திரும்பிக் கும்பிட்டு முடித்துவிடுவார்கள். எங்கள் பங்குக் கோயிலுக்கு 1974-இல் வந்த அருளானந்து சாமியாருக்கு அது பிடிக்கவில்லை. சமாதானம் பீடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும் என்றார். அவர் பீடத்தைத் தொட்டுவிட்டு உபதேசியாரின் கையைப் பற்றுவார். உபதேசியார் இரண்டு பக்கமும் முதல் வரிசையில் நடைபாதை ஓரத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். வாங்கியவர் அடுத்தவரின் கூப்பிய கைகளைத் தன் கைகளால் மூடிக் கொடுப்பார். அது சுவர் வரைக்கும் போய், இரண்டாவது வரிசைக்கு இறங்கி, திரும்ப நடைபாதைக்கு வரும். தறியில் நூலை இழுத்துக்கொண்டு நாடா இப்படிப் போய் அப்படித் திரும்புகிற மாதிரி. ஆண்கள் பக்கம் பதிமூன்று வரிசை, பெண்கள் பக்கம் பதினொன்று. கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்வரை சாமியார் அப்பத்தைத் தொடாமல் நிற்பார்; பாதியில் நின்றுபோனால் பாட்டு முடியும்வரை காத்திருந்துவிட்டுப் பூசையைத் தொடருவார். நான் பஞ்சாலையில் தறிப் பகுதி ஃபிட்டர். முதல் வாரம் எங்கள் பக்கம் இதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு எளிமையான ஏற்பாடு, இவ்வளவு சுத்தமாக ஓடுகிறதே!

ஆனால் இப்படி ஓடுகிற எதிலும் ஒரே ஒரு சக்கரப் பல் நின்றால் போதும்.

அக்காவும் தங்கையும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பேரும் உட்காருவது சூசையப்பர் தூணுக்குப் பக்கத்தில், ஒரு முழ இடைவெளியில். அது அவர்களுடைய அம்மா உட்கார்ந்த இடம். அம்மா செத்தபோது பிரகாசிக்கு ஆறு வயது, மதலேனுக்குப் பதினாறு. கன்னியர் மடத்துத் தையல் அறையில் வேலை செய்து மதலேன்தான் தங்கையை வளர்த்தாள், படிக்க வைத்தாள். தனக்குக் கல்யாணம் என்று ஒன்றை அவள் யோசித்ததே இல்லை. அதனால் அந்த இடம் யாருடையது என்று கேட்டால் இரண்டு பேரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நான் ஏன் எழுந்து போவணும்?"

பிரிவு வந்தது ஒரு காகிதத்தால். எங்கள் ஊரை பிரான்சு முறைப்படி இந்தியாவுக்கு விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் 1962-இல் அமலுக்கு வந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுபவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் தாமாகவே இந்தியர்கள். அந்த ஆறு மாதத்தில் ஊரில் எத்தனை வீடுகளில் அடுப்பு எரியாமல் வாக்குவாதம் நடந்தது என்பது அந்த வயசுக்காரர்களுக்குத் தெரியும். பிரகாசிக்கு அப்போது பத்தொன்பது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து முடித்திருந்தாள். நர்ஸ் படிப்புக்கு பிரான்சுக்கு அனுப்புவதாக மடத்தில் சொல்லியிருந்தார்கள். கெடு முடிகிற வாரம் அவளுக்கு டைபாய்டு. படுத்தபடியே கையெழுத்துப் போட்டு, கான்சுலேட்டில் சேர்க்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்தாள். காய்ச்சல் விட்டு எழுந்தபோது, "அவங்க தள்ளிட்டாங்க பாப்பா" என்றாள் அக்கா. மூன்று வருஷம் கழித்து, வெள்ளையடிப்பதற்காகத் திருஇருதயப் படத்தைக் கழற்றியபோது, சட்டத்துக்குப் பின்னால் நாலாக மடித்த அந்தக் காகிதம் இருந்தது. அட்டையோடு அட்டையாக, ஒரு கறைகூட இல்லாமல்.

அன்று சாயங்காலமே பிரகாசி தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த வருஷம் எனக்கு வாழ்க்கைப்பட்டாள்.

இப்போது என் சங்கடம் உங்களுக்குப் புரியும். அந்தக் காகிதம் போய்ச் சேர்ந்திருந்தால் நான் இல்லை. கையில் கிரீஸ் மணக்கிற மில்லுக்காரனோடு இரண்டு அறை வீட்டில் அவள் இருந்திருக்க மாட்டாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தெர்மாமீட்டரைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்திருப்பாள். அதை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது அவள் முகத்தில் வருகிற நிமிர்வைப் பார்த்து எனக்குப் பெருமையாகவும் இருக்கும், உறுத்தவும் செய்யும். அவள் அக்காவை மன்னிக்காத ஒவ்வொரு ஞாயிறும், என்னோடு வாழ்கிற வாழ்க்கையைத்தான் நஷ்டம் என்கிறாளோ என்று எனக்குத் தோன்றும்.

அவள் நன்மை வாங்குவதும் இல்லை. பரலோக மந்திரத்தில், பிறர் செய்ததைப் பொறுப்பதைச் சொல்லும் இடம் வந்ததும் அவள் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் திறக்கும். "சும்மா சொல்லிட்டுப் போயேன், யாருக்குத் தெரியப்போவுது?" என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை கேட்டேன். "யாருகிட்ட சொல்றேனோ அவருக்குத் தெரியாதா?" என்றாள். பொய் சொல்லி நன்மை வாங்காமல் ஒன்பது வருஷம் பசியோடு இருந்த மனுஷி அவள். பூசையில் மற்றவர்கள் எழுந்து போகும்போது, முழங்காலை மடக்கி அவர்களுக்கு வழி விடுவாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

ஆனால் இனி அவகாசம் இல்லை. எங்கள் மகள் செசிலுக்கு மே கடைசி ஞாயிறு புதுநன்மை, முதல்முறையாக நன்மை வாங்குகிற நாள். எங்கள் பங்கில் பிள்ளை நடுவிலும் தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று மூன்று பேரும் சேர்ந்து வாங்குவது வழக்கம்.

அதற்குள் ஐந்தாவது வரிசையில் கலகம் வந்துவிட்டது. கன்னியம்மாள் எங்கள் மில்லில் நூல் சுற்றுகிறவள். வாய் அவளுக்குச் சுழலும் நூற்புக் கதிரைவிட வேகம். அன்றைய பூசை முடிந்து சாமியாரை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தோத்திரம் சாமி. ஒம்போது மாசமா எங்க பக்கம் சமாதானமே வரல. என் ஆடு செத்துச்சி. எங்க நாத்தனா பொண்ணுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போச்சி. ஆம்பளைங்களுக்கு மட்டும் கடைசி வரைக்கும் போவுது, அவனுங்க சாயங்காலம் சாராயக் கடையில போயி அடிச்சிக்கிறானுங்க. எங்களுக்கு இன்னா சாமி வழி?"

சாமியார் சிரிக்கவில்லை. "பின்னாடி இருக்கிற நீங்க எல்லாரும் அந்த அக்கா தங்கச்சிக்காக வேண்டிக்கோங்க" என்றார்.

"ஆட்டுக்காவ வேண்டிக்கிறதா, அதுங்களுக்காவ வேண்டிக்கிறதா?"

"ரெண்டுக்கும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஃபிட்டர் புத்தி விடவில்லை. "சாமி, மூணாவது வரிசையிலேருந்து நேரா அஞ்சாவதுக்குத் திருப்பி விட்டுட்டா? நடுவுல ஒண்ணு நின்னாலும் மிச்சம் ஓடும்."

சாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மிஷின்ல பல்லு ஒடஞ்சா, அதத் தாண்டி ஓட்டுவியா?"

"ஓட்டலாம் சாமி. சத்தம் வரும்."

"சத்தம் வரட்டும். தாண்டி ஓட்ட வேணாம்" என்றார்.

அன்று மதியம் செசில் வெளியே விளையாடப் போனதும் பிரகாசியிடம் கேட்டே விட்டேன். எட்டு வருஷமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"நீ பிரான்சுக்குப் போயிருந்தா நல்லா இருந்திருப்ப இல்ல?"

அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அதான் இவ்ளோ நாளா நெனச்சிக்கினு இருந்தியா?"

நான் கீழே விழுந்த கீரையைப் பொறுக்கினேன்.

"ஒங்களுக்கு மிஷின் தவிர ஒண்ணும் புரியாது" என்றாள், மரியாதைக்குத் திரும்பி. கோபம் வந்தால் 'நீ', ஆறினால் 'நீங்க'. "எனக்கு பிரான்சு கைவிட்டுப் போனதுல ஒண்ணும் இல்ல. அவ கேட்டிருக்கலாம். 'நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா, போவாத'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் இருந்திருப்பேன். சத்தியமா இருந்திருப்பேன். கேக்காம ஒளிச்சி வச்சா. கேட்டா இருக்க மாட்டேன்னு என்னப் பத்தி நெனச்சா பாருங்க, அதான்."

கீரைக் காம்புகளை முறத்தில் தட்டினாள். எனக்குள் எட்டு வருஷம் இறுகிக் கிடந்த ஒரு திருகு தளர்ந்தது. அந்த நேரத்தில் நான் என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த நாள் செசில் ஞானோபதேசப் புத்தகத்தை மூடிவிட்டு, மில்லில் ஒரே மோட்டார் எப்படி இருபது தறியை ஓட்டுகிறது என்று கேட்டாள். இதைக் கேட்டால் எனக்குச் சோறு வேண்டாம். மூன்று நூல்கண்டுக் கட்டைகளை ஆணியில் மாட்டி, துணிப்பட்டையால் இணைத்துக் காட்டினேன். மேலே நீளமான இரும்புத் தண்டு சுற்றுகிறது. அதிலிருந்து ஒவ்வொரு தறிக்கும் ஒரு தோல் பெல்ட்டு இறங்குகிறது. செசில் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிரகாசி அடுப்பங்கரை நிலையில் வந்து நின்றிருந்தாள்.

"அப்போ பெல்ட்டுக்குன்னு சொந்தமா சக்தி ஒண்ணும் இல்லியா?" என்றாள் பிரகாசி.

"கெடையாது. அங்க வாங்குது, இங்க குடுக்குது. அவ்ளோதான்."

"நல்ல தோலா இருக்கணுமோ?"

"கிழிஞ்சி தச்சதும் ஓடும். எங்க ஷெட்டுல பாதி தச்சதுதான்."

"வாங்குனதக் குடுக்காம வச்சிக்கிச்சின்னா?"

"வச்சிக்க முடியாதும்மா. இந்தப் பக்கம் தறி நின்னுபோச்சின்னா பெல்ட்டு மேல தண்டுலயே வழுக்கும், சூடேறும். கருகுற வாசன வரும்."

"ஆமா" என்றாள் அவள். "வரும்."

அவள் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெல்ட்டைத் தைக்கும் முறையை நான் இன்னும் கால்மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

புதுநன்மைக்கு முந்தின சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குவது. பிள்ளைகளுக்குப் பிறகு பெரியவர்கள். பிரகாசி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் போய் நின்றபோது நான் பாதி எழுந்துவிட்டேன். அவள் அந்த மரத்தட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு ஒன்பது வருஷம் ஆகிறது. எவ்வளவு நேரம் இருந்தாள் என்று எனக்குத் தெரியும். உள்ளே என்ன பேச்சு என்று தெரியாது, தெரியவும் கூடாது. எழுந்து வரும்போது அவள் முகத்தில் அழுத தடம் இருந்தது. சூசையப்பர் தூணுக்குப் பக்கத்தில் நின்று, தன் இடத்தையும் அக்காவின் இடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "போலாம், கவுனுக்கு இஸ்திரி போடணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. கோயில் முழுக்க வெள்ளைக் கவுன், மெழுகுவர்த்தி. செசில் முன்னால் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். பரலோக மந்திரம் தொடங்கியது. நான் சொல்வதை நிறுத்திவிட்டு நடைபாதைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த வரி வந்தது. பிரகாசியின் வாய் மூடவில்லை. கழுத்து நரம்பு தெரிய, கனமான எதையோ தூக்குகிறவள்போல, அந்த வரியை அவள் சொன்னாள்.

சாமியார் பீடத்தைத் தொட்டார். சமாதானம் கிளம்பியது. முதல் வரிசை, சுவர். இரண்டாவது, நடைபாதை. மூன்றாவது, சுவர். நாலாவதில் திரும்பி, மூன்று பெண்களைக் கடந்து பிரகாசியிடம் வந்தது. கன்னியம்மாள் முழங்காலில் எழுந்து எட்டிப் பார்த்தாள்.

பிரகாசி திரும்பினாள். மதலேன் அந்த நேரம் கைகளை விரித்திருக்கவில்லை. ஒன்பது மாதத்தில் அன்றைக்குத்தான் அலுத்துப்போய்க் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். தையல் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அந்தக் கைகளை, மடியிலிருந்து பிரகாசியே எடுத்துக் கூப்பி, தன் கைகளால் மூடினாள். ஓர் ஓரத்தில் இருந்த எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

ஆனால் சமாதானம் அதற்குமேல் நகரவில்லை. மதலேன் கையை விடவில்லை. அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கன்னியம்மாளுக்குக் கேட்டது, ஆகவே திங்கட்கிழமை மில்லு முழுக்கத் தெரிந்தது.

"பாப்பா… போயிடாதடி" என்றாளாம் மதலேன்.

"எங்க போறது? நன்ம வாங்கத்தான் போறேன்" என்றாளாம் பிரகாசி. "கைய விடு, பின்னாடி எல்லாம் காத்துக்கினு இருக்காங்க."

"ஆமாம்மா, எங்களுக்கும் கொஞ்சம் விடுங்கடி!" கன்னியம்மாளின் இந்தக் குரல் எனக்கே கேட்டது. சாமியாருக்கும் கேட்டிருக்கும். அவர் பீடத்தில் இரண்டு கைகளையும் ஊன்றித் தலை குனிந்து நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

மதலேன் ஒரு கையால் தங்கையைப் பிடித்தபடியே மறு கையால் அடுத்தவளுக்குக் கொடுத்தாள். ஐந்தாவது வரிசை, ஆறாவது. அந்தப் பெண்களுக்குப் பழக்கமே இல்லை. ஒருத்தி கும்பிட்டாள், ஒருத்தி கன்னத்தைத் தொட்டு முத்தம் கொடுத்தாள், ஒருத்தி வாங்கிய கையோடு திகைத்து நின்று பக்கத்தில் இருந்தவளிடம் இடி வாங்கினாள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எட்டு, ஒன்பது, பத்து.

பதினோராவது வரிசையின் கடைசியில், கதவை ஒட்டி கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள். மில்லில் பஞ்சுத்தூசி கூட்டுகிறவள். ஞானஸ்நானம் வாங்கியவள் அல்ல. மாதாவுக்கு ஒரு நேர்த்தி என்று ஞாயிறுதோறும் வந்து, யார் கண்ணிலும் படாமல் போகிறவள். பக்கத்தில் இருந்தவள் திரும்பி அவள் கைகளை மூடினாள். கொளஞ்சி விதிர்த்துப்போனாள். தன் கைகளைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்து யாரும் இல்லை. பீடத்தில் சாமியார் இன்னும் அப்பத்தைத் தொடவில்லை. அவள் எழுந்து, மூடிய கைகளைத் திறக்காமல், சிந்திவிடும் என்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு, கதவைத் தாண்டி மே மாத வெயிலில் இறங்கி, தெருவில் இரண்டு பக்கமும் பார்த்தாள்.