தறிக்குழியில் ஒரு சீசா

பட்டப்பகலில் இருட்டு வேண்டுமென்றால் பிள்ளையார்பாளையத்து நெசவு வீட்டில் ஒரே இடம்தான்: தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற பள்ளம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ஏழாம் வகுப்புக் குழலி, நைனா வெற்றிலை வாங்கப் போன நேரம் பார்த்து அதில் இறங்கியிருந்தாள்.

கையில் மருந்து சீசா, அதன் அடியில் டார்ச். எலுமிச்சைத் தண்ணீரில் அரக்குச் சாயம், மேலே கடலை எண்ணெய், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. சிவப்புக் குண்டுகள் எண்ணெய்க்குள் மெல்ல ஏறி, உச்சி தொட்டு, உடைந்து இறங்கின. நிலாவில் மனிதன் இறங்கிய அந்த வருஷத்துப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு அவளுடைய விளக்கு இது. இன்னும் வேகமாக ஏறட்டுமே என்று மிச்ச சோடாவையும் கொட்டினாள்.

வாசலில் செருப்புச் சத்தம்.

தலைக்கு மேலே சந்தன நிறப் பாவு, கல்யாணப் புடவைக்காக நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு நூல். போன மாசமே நைனா சொல்லிவிட்டார்: "பாவுல ஒரு கறை பட்டுச்சு, பள்ளிக்கூடம் நின்னுச்சுன்னு வச்சுக்கோ. தார்க்குச்சில நூல் சுத்திக்கினு வீட்ல கெட." சொன்னதைச் செய்கிற ஆள். அக்கா அலமுவை அஞ்சாவதோடு நிறுத்தியவர்.

மூடினால் வெடிக்கும் என்று டீச்சர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பயத்தில் குழலி அதையேதான் செய்தாள். தக்கையை அழுத்தி, சீசாவை மிதிக்கட்டைக்குப் பின்னால் சொருகிவிட்டு மேலே தாவினாள்.

நைனா உமாபதி தறியில் உட்கார்ந்தார். கால்கள் குழிக்குள் இறங்கின.

"இன்னாமா, பேயறைஞ்சாப்ல நிக்கிற?"

"ஒண்ணுமில்ல நைனா."

உள்ளே காற்று அடைந்துகொண்டிருக்கும். தெறித்தால் நேரே பாவுக்குத்தான். சொன்னாலோ பள்ளிக்கூடம் போச்சு.

கீழே 'உஸ்' என்றது.

"பாம்புடி! கிட்ட வராத!" காலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தவர், மூலையில் இருந்த தடியை எடுத்து ஓங்கினார்.

"அடிக்காத நைனா! சீசா!"

குழிக்குள் குதித்தாள். சீசாவை வயிற்றோடு அணைத்துக் குனிந்தாள். தக்கை பட்டென்று விலாவில் அடித்தது.

அவர் முதலில் பாவைத்தான் பார்த்தார். பிறகுதான் மகளை. கழுத்திலிருந்து முழங்கால் வரை சிவப்பு.

"ரத்தமாடி?"

"சாயம்." சீசாவை விடாமலே நிமிர்ந்தாள். "பாவுல கறை பட்டுக்கீதா? பாத்துச் சொல்லு. இல்லேன்னா நான் பள்ளிக்கூடம் போவேன்."

உமாபதி மறுபடி குனிந்தார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழை இழையாகத் தேடினார். 

"ஒண்ணும் காணோம்," என்றார், அதுவும் அவள் குற்றம் என்பதுபோல. "ஏறி வா. பெல் அடிச்சிடப் போறாங்க."

சிவப்புச் சட்டை பாவில் படாமல், குனிந்தபடியே குழலி ஏறினாள்.