பம்பைக்குக் கண்ணடித்த சிவப்புக் கார்

கல்வராயன் மலையில் காலமெல்லாம் நர்சாக இருந்து ஓய்வு பெற்ற ராஜாம்பாள் எதைச் சொன்னாலும் அது ஊதிப் பெருத்துத்தான் வெளியே வரும். அவர் பார்த்த சுரைக்காயில் குடும்பமே குடியிருக்கலாம். அவர் பார்த்த மழையில் மீன்கள் பஸ் ஏறும். கள்ளக்குறிச்சியில் அவருடைய தெருக்காரர்கள் இதற்கு ஒரு கணக்கே வைத்திருந்தார்கள். நர்சம்மா சொன்னதில் பாதியைக் கழி, மிச்சத்தை நம்பு.

அவருக்கு இதில் வருத்தம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரே ஒரு பேச்சை மட்டும் கழிக்காமல் முழுசாக நடத்திக் காட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் எழில்மதி பிறந்தபோது, ஈரக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு சொன்ன பேச்சு அது. "கூரையில்லாத செவப்புக் காருல வெச்சி இவள மாப்பிள்ள வூட்டுல எறக்கல, நான் நர்சே இல்ல!"

அன்றைக்கு அதைக் கேட்டுச் சிரித்தவன் குழந்தையின் தாய்மாமன் ஜீவா. அந்தச் சிரிப்பை அவன் இன்னும் நிறுத்தவில்லை.

இப்போது எழில்மதிக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண் அழைப்பு. காரும் தயார். பாண்டிச்சேரியில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த, கூரையில்லாத பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை, கோழியைச் சமாதானப்படுத்தி எழுப்பிவிட்டு ராஜாம்பாள் ஓட்டி வந்திருந்தார். அதன் சிவப்பைப் பார்த்து மிளகாய்ப் பழங்கள் கூசின.

செவ்வாய்க்கிழமை அது கச்சிராயபாளையம் ரோட்டில் உயிரை விட்டது. முதலில் ஹாரன் கிசுகிசுத்தது, அப்புறம் விளக்கு மங்கியது, அப்புறம் எஞ்சினே நின்றது. பின்னால் கரும்பு டிராக்டரில் வந்துகொண்டிருந்தவன், வேறு யார், ஜீவாதான்.

"இன்னா நர்சம்மா, ரதம் தூங்குதா?"

"யோசிச்சிகினு இருக்குதுடா. நீ போ."

அவன் போகவில்லை. தாம்புக் கயிறு கட்டிக் கள்ளக்குறிச்சிவரை இழுத்துக்கொண்டு போனான். வழியெல்லாம் ஸ்பீக்கரில் பாட்டு வேறு. கவுஸ் பாஷாவின் கடை வாசலில் கயிற்றை அவிழ்க்கும்போது, "இதப் பத்திரமா வெக்கிறேன். வெள்ளிக்கிழம தேவப்படும்" என்றான்.

கவுஸ் பாஷா வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை செய்பவர். வாய் விஷயத்தில் ராஜாம்பாளுக்குச் சளைத்தவரில்லை.

"நான் கை வெச்சி எழுந்திருக்காத வண்டி கெடையாது நர்சம்மா. போன மாசம் ஒரு லாரிக்கு ஆல்டர்னேட்டர் கட்னேன். இங்க எஞ்சினப் போட்டா உளுந்தூர்பேட்டை டீக்கடையில லைட்டு எரிஞ்சிது."

"அவ்ளோதானா பாய்? எங்க மலையில ஒரு புள்ள பொறந்து அழுதிச்சி, திருக்கோவிலூர்ல கோயில் மணி தானா ஆடுச்சி."

பாஷா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு அவரை மரியாதையாகப் பார்த்தார்.

பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பிரித்தால் உள்ளே ஒரு சண்டைக்களம். பேரிங் நொறுங்கிக் கிடந்தது. மின்சாரம் கடக்கும் கார்பன் பிரஷ்கள் மிளகு அளவுக்குத் தேய்ந்திருந்தன. அவை உரசும் செப்பு வளையத்தில் வண்டித்தடம்போலப் பள்ளம். புது பேரிங், புது கார்பன் போட்டு, வளையத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, முகம் பார்த்து மீசை முறுக்கும் அளவுக்குப் பளபளப்பாக்கினார். பெல்ட் ஓடும் புல்லி மட்டும் விரிசல் விட்டிருந்தது. கடையில் கிடந்த லாரி புல்லி ஒன்றை மாட்டினார்.

"கொஞ்சம் பெரிசா இருக்குதே பாய்?"

"பெரிசா இருந்தா இன்னா? நம்ம ரெண்டு பேருக்கும் பெரிசுதானே புடிக்கும்!"

பைபாஸில் ஓட்டிப் பார்த்தார்கள். மீட்டர் பதினாலு வோல்ட்டில் சிங்கம்போல உட்கார்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தக் கார் மலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்து, கொண்டை ஊசி வளைவுகள் தாமாக நிமிர்ந்துகொண்டன. எழில்மதி பட்டுப்புடவையில் பக்கத்து சீட்டில் ஏறினாள். பின்னால் ஜீவாவின் டிராக்டர். அவன் தோளில் அதே கயிறு. மட்கார்டில் கல்யாணச் சாப்பாட்டுக்குக் கிளம்பி வந்த கவுஸ் பாஷா.

மாப்பிள்ளை ஊரின் எல்லையில் பம்பை மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. பம்பைக்காரர்கள் ஒரு அடி முன்னே வைத்தால் ரெண்டு அடி பின்னே ஆடினார்கள். கார் நத்தையாக ஊர்ந்தது. எஞ்சின் மெதுவாகச் சுற்ற, பெரிய புல்லி அதைவிட மெதுவாகச் சுற்ற, ஆல்டர்னேட்டர் கொட்டாவி விட்டது. முகப்பு விளக்குகள் ஊதுபத்தி நுனியாகச் சுருங்கின. பேட்டரி படம்போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் இருமியது.

"இன்னா ஆச்சி நர்சம்மா?" என்றாள் எழில்மதி.

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒன்னவிட இதுக்கு வெக்கம் ஜாஸ்தி."

"கயிறு கட்டட்டுமா?" பின்னாலிருந்து ஜீவா குரல் கொடுத்தான்.

கவுஸ் பாஷா தலையில் அடித்துக்கொண்டார். "புல்லி! பைபாஸ் வேகத்துக்குத்தான கட்டிட்டேன்!"

ராஜாம்பாளின் காதில் அது விழுந்தது. வேகம்தானே வேண்டும்? கியரை நியூட்ரலில் தள்ளி ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் உறுமியது, விளக்குகள் பட்டென்று பூத்து, எதிரே இருந்த பலாமரம் பகலென்று நினைத்துக்கொண்டது.

பம்பைக்காரர் கோபமாகத் திரும்பினார். "எம்மா, எங்க அடிய அமுக்காதீங்க!"

காலை எடுத்தால் கார் சாகும். எடுக்காவிட்டால் பம்பை சாகும். பார்த்தார் ராஜாம்பாள். பம்பையில் அடி விழும்போது மட்டும் மிதித்தார். டும் என்றால் விளக்கு பளீர். டும் டும் என்றால் பளீர் பளீர். கார் பம்பைக்குக் கண்ணடித்தது.

கூட்டம் கத்தியது பாருங்கள், மரவள்ளிக் கிழங்குகள் மண்ணைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தன! பம்பைக்காரர் சிரித்துவிட்டார். வேகத்தைக் கூட்டினார், ராஜாம்பாளும் கூட்டினார். அவர் உருட்ட, இவர் உறும, சிவப்பு விளக்கு அணைந்து பேட்டரியும் தேறிக்கொண்டது. அடிக்கு நடுவே கியரைப் போட்டு நாலடி நகர்வதும், நின்று கண்ணடிப்பதுமாக ஊர்வலம் போனது. ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் சீட்டில் ஆடிக்கொண்டிருந்தாள்.

"பாய், இது எப்பிடி?" என்று ஜீவா வாயைப் பிளந்தான்.

கவுஸ் பாஷா தலையில் இருந்த கையை நிதானமாக மீசைக்கு இறக்கினார். "அதான் நம்ம வேல. பம்பைக்குன்னே கட்னது."

மாப்பிள்ளை வீட்டு வாசலில் ஆலத்தி சுற்றும்போதும் ராஜாம்பாளின் கால் நிற்கவில்லை. எழில்மதி இறங்கினாள். திரும்பி, "மாமா, இவங்க நர்சுதான?" என்றாள்.

"நர்சுதாம்மா. நர்சேதான்." ஜீவா தோளில் இருந்த கயிற்றை எடுத்து டிராக்டருக்குள் வீசினான். அடுத்த மூச்சிலேயே கவுஸ் பாஷாவிடம் குனிந்தான். "என் டிராக்டருக்கும் இந்த மாரி கட்டிக் குடு பாய்."

"கட்டலாம். ஆனா அதுக்கு ரொம்பப் பெரிய புல்லி வேணும்."

மறுவாரம் ராஜாம்பாள் தெருவில் நடந்ததை நடந்தபடியே, ஒரு இம்மி கூட்டாமல் சொன்னார். தெருக்காரர்கள் வழக்கம்போலப் பாதியைக் கழித்தார்கள். கார் வந்தது மட்டும் மிஞ்சியது, கண்ணடித்தது கழிந்துபோனது.

அதற்கென்ன? மறுநாள், கார் கண்ணடித்ததில் மாப்பிள்ளை வீட்டுக் காளைமாடும் பதிலுக்குக் கண்ணடித்தது என்று சேர்த்துச் சொன்னார். பாதியைக் கழித்தார்கள். கணக்கு மிகச் சரியாக வந்தது.