இரண்டு நிமிட அறைச் சத்தம்

ஆறாவது டேக்கும் போயிற்று.

"சவுண்டு?" என்று கேட்டாள் டைரக்டர். உதட்டைப் பிதுக்கினேன்.

டைரக்டர் என் மனைவியின் தங்கை. மனைவி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. குறும்படத்துக்கு இடம் தேடியபோது, "உங்க ஹால்ல ஒண்ணுமே இல்ல அத்தான், கேமரா வைக்க வசதி" என்றாள். உண்மைதான். சரி என்றேன். ஒலிப்பதிவு என் தொழில். அதனால் அந்த வேலையும் என் தலையில் விழுந்தது. அதன் இரைச்சல் பதிவாகக் கூடாதென்று காலையிலேயே ஃபிரிட்ஜை நிறுத்திவிட்டு, வீட்டுச் சாவியை அதற்குள் வைத்தேன். சாவியைத் தேடும்போது ஃபிரிட்ஜைத் திரும்பப் போடும் ஞாபகம் வரும். எங்கள் தொழிலில் பாதிப் பேர் இப்படித்தான்.

காட்சி சின்னது. ஒரே மாடியில் குடியிருக்கும் இருவர். ஜன்னலருகே நின்று அவன் அவளிடம், "நாளைக்கும் வருவீங்களா?" என்று கேட்க வேண்டும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள்.

அவனாக நடித்தவர் பூகோள வாத்தியார். அவளாக நடித்தவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். இருவருக்கும் இதுதான் முதல் படம். மூன்று வாரமாகப் போனிலேயே ஒத்திகை பார்த்தார்கள். நேரில் சந்தித்தது அன்று காலைதான்.

போனில் கணீரென்று பேசிய வாத்தியாருக்குக் கேமரா முன்னால் கழுத்தை நெரித்ததுபோல் குரல் வந்தது. காரணம் என் ஒருவனுக்குத்தான் தெரியும். அவர் சட்டைக்குள் மைக் ஒட்டியிருந்தேன். 'ஆக்‌ஷன்' என்றதும் ஒரு நீண்ட மூச்சு உள்ளே போகும். 'கட்' என்றதும் டயரில் காற்று இறங்குவதுபோல் வெளியே வரும். இரண்டுக்கும் நடுவில் வசனம். அது எப்படி உருப்படும்?

"இன்னும் ஒரு டேக் பாப்போம் அத்தான். வரலன்னா வேற ஆளை வச்சு டப்பிங் பண்ணிக்கறேன்." மெதுவாகத்தான் சொன்னாள். வாத்தியார் காதில் விழுந்துவிட்டது.

பேட்டரி மாற்ற வேண்டும் என்று அவரைச் சமையலறைக்கு அழைத்துப்போய் மைக்கை அணைத்தேன்.

"வயித்த எக்காதீங்க சார்."

அவர் கதவைப் பார்த்தார். "வெளிய தெரியுதா?"

"தெரியல. காதுல விழுது."

"ஐயையோ. அவங்க காதுல?"

"ஹெட்ஃபோன் எங்கிட்டதான் இருக்கு."

கொஞ்சம் ஆசுவாசமானார். "ஸ்கூல்ல பசங்க என்னை பூகோளம்னுதான் சொல்வாங்க சார். சேந்த புதுசுல, நடத்தற பாடத்தை வச்சுச் சொல்றாங்கன்னு நெனச்சேன். ஆனா கணக்கு வாத்தியாரை யாரும் கணக்குன்னு கூப்பிடல பாருங்க."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அதற்காகத்தான் சொன்னார்.

"போன்ல ஒருநாள், உங்க குரல் ரொம்ப நல்லாருக்குன்னாங்க சார். அந்தக் குரலுக்கு இந்த உடம்பான்னு நெனச்சுட்டா?"

"இப்ப குரலும்ல போச்சு."

"அதான் வயித்தெரிச்சல். இப்படி ஒரு கேள்விய நான் ஜென்மத்துல எந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டதில்ல. கேமரா இருக்கற தைரியத்துல அவங்ககிட்ட கேக்கறேன். அதையும் இன்னொருத்தன் குரல்லயா கேக்கணும்?"

"அப்ப வயித்த விட்டுருங்க."

"மாட்டேன் சார். சட்டை வேற சின்னது. மானம் போயிரும்."

வாதாடிப் பயனில்லை. எனக்கு அது பழக்கம். என் மனைவி போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் எனக்குப் பின்னால் ஒதுங்குவாள். கை பருமனாகத் தெரிகிறதாம். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த படங்களில் நான் முழுசாக இருக்கிறேன். அவள் பாதிதான் இருக்கிறாள்.

ஹாலுக்கு வந்து, "அறைச் சத்தம் எடுக்கணும்" என்றேன்.

ஒவ்வோர் அறையின் அமைதிக்கும் தனிச் சத்தம் உண்டு. யாரும் பேசாமல், அசையாமல் நின்று அதைப் பதிவு செய்வோம். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட உதவும். அரை நிமிடம் போதும். எல்லாம் முடிந்த பிறகு எடுப்பதுதான் வழக்கம்.

"இப்பவா?" என்றாள் டைரக்டர்.

"இப்பவே. ரெண்டு நிமிஷம். நடிக்கற இடத்துலயே ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கட்டும்."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் மறுக்கவில்லை.

பதிவு ஓடியது. வாத்தியார் மூச்சை இழுத்துப் பிடித்தார். இருபது வினாடி. திருட்டுத்தனமாகக் கொஞ்சம் விட்டு மறுபடி பிடித்தார். ஐம்பது வினாடி. காது சிவந்தது. எழுபதாவது வினாடியில் மொத்தமாக விட்டார்.

சட்டைப் பட்டன் தெறித்து, தரையில் விழுந்து, உருண்டு, அவள் காலடியில் போய்ப் படுத்தது. ஹெட்ஃபோனில் பாறாங்கல் உருண்டதுபோல் கேட்டது. யாரும் சிரிக்க முடியாது. இன்னும் ஐம்பது வினாடி பாக்கி.

வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். அதனால் அடுத்ததை அவர் பார்க்கவில்லை. அவளுடைய நீளப் பாவாடை நடுங்கியது. 'கடக்' என்று ஒரு முட்டிச் சத்தம். பிறகு அவள் லிஃப்ட்போல மெல்ல மேலே போனாள்.

"கட்" என்றேன்.

வாத்தியார் கண்ணைத் திறந்தார். அவர் பார்வைக்கு நேரே அவள் மோவாய் இருந்தது.

"காலையிலேர்ந்து முட்டிய மடக்கியே நிக்கறேன் சார்," என்றாள் அவள். "முடியல. போன்ல உயரம் தெரியாதில்ல?"

"அட, இதுக்குப் போயா?" என்றார் வாத்தியார். தன் வயிற்றை மறந்தே போனார். "மலைக்குன்னே எங்க புஸ்தகத்துல ஒரு தனிப் பாடம் இருக்குங்க."

"என்னை மலைன்னு சொல்றீங்களா?"

"என்னை என்னன்னு சொல்றாங்க தெரியுமா?"

சொன்னார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பையிலிருந்து ஊக்கு எடுத்து, குனிந்து, அவர் சட்டையில் குத்தினாள். "மூச்ச இழுக்காதீங்க. இழுத்தா அப்புறம் பிச்சுக்கும்."

கேமராக்காரர்தான் தலையில் கை வைத்தார். "இப்படி வளந்து நின்னா எப்படிங்க? ஃப்ரேமே மாறிப்போச்சு. எடுத்த ஆறும் வேஸ்ட்."

"அது அப்பவே வேஸ்ட்தான். ஸ்டாண்டை ஏத்து," என்றாள் டைரக்டர்.

ஏழாவது டேக். "நாளைக்கும் வருவீங்களா?" அடிவயிற்றிலிருந்து வந்தது. மீட்டரில் ஊசி ஒரு துள்ளுத் துள்ளியது. அவள் குனிய வேண்டிய இடத்தில் குனியவில்லை.

"கடையில எனக்குப் பகல் ஷிஃப்ட். ஆறு மணிக்கு மேலன்னா வருவேன்," என்றாள்.

இது வசனத்திலேயே இல்லை. டைரக்டர் கட் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கட் சொன்ன பிறகும் அவர்கள் இருவரும் ஜன்னலை விட்டு நகரவில்லை. குரல் தாழ்ந்தது. இருவருக்கும் மாட்டியிருந்த மைக்குகள் திறந்தே இருந்தன. ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்தேன்.

"அத்தான், சவுண்டு ஓகேயா?"

"ஓகே."

"டப்பிங்?"

"எதுக்கு?"

அவள் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "இன்னும் பேசிட்டிருக்காங்க. மைக்கைக் கழட்டலயா? பேட்டரி போகுதே."

"போகட்டும்" என்றேன்.