இன்னும் அரைக் கட்டை

"இன்னும் அரைக் கட்டை எறக்கிடு பிரிசி," என்றான் எழிலன். ஒன்பது மாதத்தில் இது நாலாவது தடவை.

பிரிசில்லா பேஸ் கிடாரின் முறுக்காணியைத் திருகினாள். அடிக்கம்பி தொளதொளவென்று ஆகி, வாசிக்கும்போது கிடாரின் கழுத்தில் மோதிக் கரகரத்தது. கீபோர்டு வாசிக்கும் கலியபெருமாளுக்கு என்ன, ஒரு பட்டனை அழுத்தினால் மொத்தச் சுருதியும் இறங்கிவிடும். அவளிடம் இருந்தது நாலு கம்பி.

பாடகர் கேட்ட சுருதியைக் கொடுப்பதுதான் கச்சேரிக் குழுவின் வழக்கம். ஏன் என்று கேட்பதில்லை. கேட்காதது மட்டுமா, எழிலனின் குரல் கனிந்துவிட்டது என்று கடலூரே மெச்சியது. கனிந்ததாம்! அவனோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அல்லவா தெரியும். இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் விழுங்கினான். சட்டையின் மேல் பட்டன் போட முடியவில்லை. தாடைக்குக் கீழே புடைத்திருந்ததைத் தொடப் போனால் கையைத் தட்டிவிட்டான். "நெறி கட்டியிருக்கு. சீசன் முடியட்டும், டாக்டர்ட்ட போவலாம்." அவளும் சரி என்றுவிட்டாள். அந்தச் சரியை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அது 2010 ஆடி மாதம். சிதம்பரத்தில் சாயங்காலம் கச்சேரி. அவள் மதியமே பஸ் ஏறி, கீழ வீதியில் வினோத்குமாரின் வாத்தியக் கடைக்குப் போனாள்.

அவன் கம்பியைச் சுண்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "நூத்தஞ்சு சைஸ போட்டுக்கினு இவ்ளோ கீழ எறக்குனா இப்பிடித்தான் அடிக்கும்க்கா. கீழ போவப் போவ கம்பி தடிமனா இருக்கணும். ஒரு கட்டைன்னா நூத்திப் பதினஞ்சு போதும். ரெண்டு கட்டைக்கு நூத்தி இருவத்தஞ்சாவது வேணும். எவ்ளோ தூரம் எறக்குவீங்க?"

எவ்வளவு தூரம்? அவளுக்குத் தெரியவில்லை. எழிலனுக்கு போன் போட்டாள். செல்லில் வந்த குரலைக் கேட்டு, வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்றே ஒரு கணம் நினைத்தாள்.

"இருக்கறதுலயே தடிமனா வாங்கிடு. இன்னும் எறங்கும்."

மழை வரும் என்பது போல அதைச் சொன்னான்.

வினோத்குமார் நூற்று முப்பதைப் பிரித்து, கிடாரின் தலைப்பக்கம் கம்பி உட்காரும் வெள்ளைத் துண்டின் மேல் வைத்துப் பார்த்தான். பள்ளத்தில் இறங்கவில்லை. அரத்தை எடுத்தான். "இத்த அராவி அகலமாக்கணும். ஒண்ணு சொல்லிடறேன்க்கா, அராவிட்டா பழைய கம்பி இதுல நிக்காது, ஆடும். திரும்ப மேல ஏத்துற ஐடியா இருக்கா?"

கடைக்காரன் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். பிரிசில்லா அவன் கையிலிருந்த அரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"அராவாத," என்றாள். "நூத்தஞ்சுலயே புதுசு குடு."

மேடைக்கு முன்னால் நாற்காலிகள் காலியாக இருந்தபோதே மைக் சரிபார்த்தார்கள். புதுக் கம்பியை அவள், முதல் தடவை இறக்குவதற்கு முன்னால் இருந்த பழைய சுருதிக்கே ஏற்றியிருந்தாள். கலியபெருமாளிடமும் சொல்லி வைத்திருந்தாள். எழிலன் பல்லவி எடுத்தான். இரண்டாவது வரி மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்து வெறும் காற்று வந்தது. திரும்பிப் பார்த்தான்.

"கம்பி வாங்கலியா?"

"தடிமனுக்கு அராவிட்டா திரும்ப மேல வர முடியாதாம். நீங்க வருவீங்களா, மாட்டீங்களா? நாளைக்கே டாக்டர்ட்ட போவலாம்."

அவன் மைக்கின் சுவிட்சை அணைத்தான். "போய்ட்டு வந்துட்டேன் பிரிசி. சித்திரையிலயே. கெட்ட கட்டியாம். தொண்டைய எடுத்தா உசுரு தங்கும்னாங்க. எடுத்தா பாட்டு இல்ல. அதான், இந்த சீசன் மட்டும்..."

சித்திரைக்குப் பிறகு இரண்டு தடவை இறக்கியிருக்கிறாள். தன் கையாலேயே.

பிரிசில்லா கிடார் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தாள். முறுக்கேறி நின்ற அடிக்கம்பியில் வைத்து அழுத்தினாள். ஸ்பீக்கரில் அது வெடித்த சத்தத்தில் கலியபெருமாள் எழுந்து நின்றுவிட்டார். அவள் நிறுத்தவில்லை. இரண்டு, மூன்று, நாலு.

"எனக்குப் பாட்டு வேணாம். நீங்கதான் வேணும்," என்றாள். "வண்டில ஏறுங்க."

எழிலன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு மேடையிலிருந்து இறங்கினான்.